திறக்காத நிலவறை மூடி

மத்தியானம் மூன்று மணிக்கு ஒற்றைக் கையால் தள்ளினாலே திறக்கிற மூடி, இரவு ஒன்பது இருபதுக்கு இரண்டு கைகளையும் தோளையும் கொடுத்து முட்டினாலும் அசையவில்லை. புதன்கிழமை முதல்தடவையாக அப்படி. வியாழக்கிழமையும் அப்படியே. நாடகம் முடிந்ததும் தச்சு வேலைக்குப் பொறுப்பான டாயல் ஹென்ஸ்லி வந்து, இடுக்கில் விரலை விட்டுத் தூக்குவார். சமர்த்தாகத் திறக்கும்.

"மூடிக்கு ஒண்ணும் இல்ல, வெர்னா."

அப்படியென்றால் கோளாறு எனக்கு.

பத்தொன்பது வருடம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டிவிட்டு, நாற்பத்து நாலு வயதில் இந்தக் கென்டக்கி மலைமேல் திறந்தவெளி நாடகக் குழுவில் பயிற்சி நடிகையாகச் சேர்ந்தேன். என் குடிலில் இருக்கும் மற்ற எட்டுப் பேருக்கும் இருபது வயதுதான். என்னை மிஸ் வெர்னா என்பார்கள். குழு எதிர்பார்ப்பதெல்லாம் குடில் கதவில் ஒட்டியிருக்கிறது. காலையில் இருக்கைகளைத் துடைக்க வேண்டும். மாலையில் கார்களுக்கு இடம் காட்ட வேண்டும். மழை வந்தாலும் மேடை மேலாளர் ஆர்டித் மணி அடிக்கும்வரை நடிக்க வேண்டும். முடிந்ததும் வேஷத்தோடு வாசலில் நின்று கை குலுக்க வேண்டும். திங்கட்கிழமை தவிர மலையை விட்டு இறங்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, பெரிய எழுத்தில்: உன் குறியில் நில்.

குறி என்பது மேடைப் பலகையில் ஒட்டிய வெள்ளை நாடா. விளக்கு அங்கேதான் விழும்.

என் காட்சி இது. உள்நாட்டுப் போர்க்காலம். கொள்ளைக்காரர்கள் பண்ணைக்கு வருகிறார்கள். பண்ணைக்காரி உருளைக்கிழங்கு நிலவறையில் ஒளிந்துகொள்கிறாள். தலைவன் குதிரைமேல் இருந்து மிரட்டும்போது மூடியைத் தள்ளி எழுந்து, அவன் முகத்துக்கு நேரே பதினோரு வரி பேசுகிறாள். அந்தப் பதினோரு வரிக்காகத்தான் பேருந்தை விட்டேன்.

நிலவறை என்பது பலகைக்கடியில் நாலடி ஆழக் குழி. மூன்றடி அகலம். நாலு பக்கமும் கல். போகவும் வரவும் அந்த மூடி ஒன்றுதான் வழி. காட்சிக்கு முன்பே இறங்கி, இருபத்திரண்டு நிமிடம் இருட்டில் குந்தியிருக்க வேண்டும். இருமக்கூடாது. வெளிச்சம் கசியும் என்று சின்ன விளக்குகூடக் கிடையாது. மூடியைச் சுற்றியுள்ள நாலு இடுக்குகளில் நூல்போல வரும் மேடை வெளிச்சம்தான் எனக்கு.

மூடி திறக்காத அந்த இரண்டு நாளும், தலைவன் வேஷம் போடும் கிளீட்டஸ் மிரட்டலையே மூன்று முறை திருப்பிச் சொல்லிவிட்டுக் குதிரையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அவன் போனதும் மூடி படக்கென்று திறக்கும். காலி முற்றத்தைப் பார்த்து நான் கத்துவேன். ஜனம் சிரிக்கும்.

"பயமா இருந்தா சொல்லிடுங்க, மிஸ் வெர்னா," என்றாள் ஆர்டித். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உங்க குடில்ல இருக்கற கேய்லா செய்யட்டும். நீங்க கார் பக்கமே இருந்துக்கங்க."

பறிபோன வேஷம் அந்தக் கோடையில் திரும்ப வராது. அது எல்லாருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை குழிக்குள் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழு அங்குலம் நகர்ந்தால் முட்டி கல்லில் இடிக்கும். மேலே குளம்புச் சத்தம் வந்தது, நின்றது. அந்த நொடியில் இடதுபக்க இடுக்கில் இருந்த வெளிச்சம் காணாமல் போனது. நிழல் என்றால் ஆடும். இது ஆடவில்லை, அடைபட்டுப்போனது. தள்ளினேன், அசையவில்லை. குதிரை போனது, நூல் திரும்ப வந்தது, மூடி திறந்தது.

ஆர்டித் நோட்டில் என் பெயரை அடித்துவிட்டாள்.

"நாளைக்கு மத்தியானம் பத்தே நிமிஷம் குடு," என்றேன். "அதுக்கப்புறம் எங்க வேணாலும் நிக்கறேன்."

"பத்துதான்."

சனிக்கிழமை எட்டுப் பிள்ளைகளையும் கூட்டிவந்தேன். வெயிலில் குதிரையைக் கொண்டுவரக் கூடாது என்பது குழுவின் வழக்கம். அதனால் பகல் ஒத்திகையில் குதிரை இருந்ததே இல்லை. அதன் எடைக்கு எட்டுப் பேர் சரியாக வருவார்கள்.

"டாயல், நீங்க உள்ள இறங்குங்க."

"நானா? இந்தத் தொப்பையோடயா?"

"நான் இதைவிடப் பெரிய சாமானையெல்லாம் பேருந்துல ஏத்தியிருக்கேன். இறங்குங்க."

இறங்கினார். மூடினேன். மூடிக்கு இடதுபக்கம் ஒட்டினாற்போல இருக்கும் குதிரையின் குறிமேல் எட்டுப் பேரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நெருக்கி நின்றார்கள்.

"இப்பத் தள்ளுங்க!"

கீழே முனகல் கேட்டது. பிறகு தட்டும் சத்தம். பிறகு படபடவென்று குத்தும் சத்தம்.

"ஏய்! போதும்! இறங்கித் தொலைங்கடா!"

ஆர்டித் குனிந்து இடுக்கில் வாயை வைத்தாள். "பயமா இருக்கா, டாயல்?"

வெளியே வந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது. "சுவர் கிட்ட வந்த மாதிரி இருந்துச்சு," என்றார், யாரையும் பார்க்காமல்.

பேருந்தின் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கி நின்றால் பின்கதவு திறக்காது. கதவு சரியாகத்தான் இருக்கும், சட்டம்தான் முறுக்கிக்கொண்டு கதவைக் கவ்வியிருக்கும். இங்கேயும் அதே கதைதான். மூடியை ஒட்டிய பலகைகளை ஒரே ஒரு குறுக்குச் சட்டம் தாங்குகிறது. அதன் நடுவில் எடை ஏறினால் அது வளைகிறது, பலகைகள் மூடியின் பக்கம் சாய்கின்றன, இடுக்கு அடைபடுகிறது.

"பத்து வருஷமா குறி அங்கதானே இருக்கு?" என்றாள் கேய்லா.

கிளீட்டஸ் தலையைச் சொறிந்தான். "பழைய குதிரை ஒருநாளும் குறியில நின்னதில்ல. நாலடி தள்ளித்தான் நிக்கும், நானும் விட்டுட்டேன். அது நொண்ட ஆரம்பிச்சதால புதன்கிழமை புதுசு வந்துச்சு. இது சொன்ன இடத்துல அசையாம நிக்குது."

பத்து வருடத்தில் முதல்முறையாக ஒரு குதிரை விதியைக் கடைப்பிடித்திருக்கிறது.

"அப்ப குறியை நகர்த்திடலாம்," என்றேன்.

"விளக்கு அங்க மட்டும்தான் விழும்," என்றாள் ஆர்டித். "குறி நகராது." பிறகு நோட்டைத் திறந்து, அடித்த பெயரை மறுபடி எழுதினாள்.

டாயல் நாலங்குலச் சதுர ஓக் கட்டை ஒன்றை அறுத்தார். குதிரையின் குறிக்கு நேர் கீழே, குழித் தரையிலிருந்து குறுக்குச் சட்டம்வரை நிறுத்தி, ஆப்பு அடித்து இறுக்கினார். கட்டை இடத்தை எடுத்துக்கொண்டதால் இனி நான் முழங்காலைத் தாடையோடு சேர்த்துத்தான் இருபத்திரண்டு நிமிடமும் உட்கார வேண்டும். ஆனால் கட்டை எடையைத் தரைக்கு இறக்கிவிடுகிறது. சட்டம் வளைவதில்லை. குதிரை குறியில் நிற்கும்போதே மூடி ஒரு கைக்குத் திறக்கிறது.