தொப்பிக்கு ஒரு பொட்டுக்கடலை

போலீஸ்காரர் அப்பாவுவின் தொப்பி, பெரியபாளையம் பாலத்தின் மேல் பஸ் போகையில் ஜன்னல் வழியாகப் பறந்து ஆரணியாற்றில் விழுந்தது. எழுபத்தொன்பதாம் வருஷம் பார்த்து ஆற்றில் தண்ணீரும் ஓடியது. தொப்பியைப் பறக்கவிட்டது ஆறு வயது நாகமுத்து. அப்படிப் பழக்கிவைத்தது அவனைப் பெற்ற அரசப்பன். இரண்டாவது விஷயம் பஸ்ஸில் அரசப்பனைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது.

தெரியாமலே போயிருக்கும். ஆனால் பையன் திரும்பி அப்பனைப் பார்த்து உள்ளங்கையை நீட்டினான். அரசப்பனின் கை தன் பாட்டுக்குச் சட்டைப் பைக்குள் போய் ஒரு பொட்டுக்கடலையை எடுத்துக் கொடுத்துவிட்டது. கொடுத்த பிறகுதான் மூளை வந்து சேர்ந்தது.

"யோவ்! எந்தொப்பியத் தூக்கிப் போட்டதுக்குக் கடலை வேற குடுக்கிறியா?" என்று அப்பாவு எழுந்தார். பாதிதான் எழ முடிந்தது. திருவள்ளூர் கோர்ட்டுக்கு அழைத்துப் போகும் கைதியோடு சேர்த்து அவருடைய இடது கை விலங்கில் பூட்டியிருந்தது. கைதியோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"வெறுந்தலையோட எப்பிடிய்யா மாஜிஸ்திரேட்டு முன்னாடி நிக்கிறது?"

"ஐயா, என் துண்ட வேணா கட்டிக்கோங்க. நமக்குள்ள இன்னா இருக்குது!" என்றான் கைதி.

பஸ்ஸே சிரித்தது. வேறொரு நாளாக இருந்தால் அரசப்பன்தான் முதலில் சிரித்திருப்பான். கும்மிடிப்பூண்டி இரும்பு உருட்டாலையில் அவன் இருக்கிற ஷிப்டு எது என்று சிரிப்புச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள். இன்று அவன் பக்கத்தில் இருந்த மனைவி சம்பூர்ணத்தின் முகத்தைப் பார்த்தான்.

பின் சீட்டுக் கூடைக்காரம்மா, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள்: "பெத்தவ ஒழுங்கா கவனிச்சிருந்தா புள்ள ஏன் இப்பிடி ஆவுது?"

சம்பூர்ணம் மடியில் இருந்த துணிப்பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள்.

அந்தப் பையில் அவளுடைய சேலைகள் இருந்தன. காலையில் பஸ் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிட்டாள்.

"டீச்சரம்மாவப் பாத்துட்டு நீயும் அவனும் திரும்பிப் போங்க. நான் செங்கம்மா ஊட்லயே தங்கிக்கிறேன்." செங்கம்மாள் அவளுடைய அக்கா. திருவள்ளூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் வீடு.

"எத்தினி நாளைக்கு?"

"அவனுக்கு நல்லாவற வரிக்கும். நான் கிட்ட இருந்தாத்தான கெடுதி?"

இந்தக் கெடுதி மெட்ராஸிலிருந்து வாங்கி வந்தது. பையன் பேசவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, ஒரு மூடியை நாள் முழுக்கச் சுழற்றிக்கொண்டிருக்கிறான் என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய டாக்டரிடம் காட்டினார்கள். அவர் பையனைக் கொஞ்ச நேரமும் சம்பூர்ணத்தை நெடுநேரமும் பார்த்தார். நோய்க்கு ஆட்டிசம் என்று பேர் சொன்னார். தாயிடம் பாசம் போதவில்லை, அதனால் குழந்தை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது என்றார். அன்றிலிருந்து சம்பூர்ணத்துக்குப் பிள்ளையை அதட்டவும் பயம், அணைக்கவும் பயம். அணைத்தால், இது போதுமா என்று யாரையோ கேட்கிறதுபோல் ஒரு பார்வை.

டாக்டர் சொன்னது நிஜமா என்று அரசப்பன் பல பேரைக் கேட்டிருந்தான். ஆனால் கேட்ட லட்சணம் அவனுடையது. ஆலைக் கம்பவுண்டரிடம், "சார், எம் பொண்டாட்டி இன்னா ஐஸ் பொட்டியா?" என்று கேட்டான். கம்பவுண்டர் சிரித்து முதுகில் தட்டி, தலைவலி மாத்திரை கொடுத்தார். ரஷீதா டீச்சரிடமும் அதே ஐஸ் பெட்டியைத்தான் தூக்கிக்கொண்டு போனான். அவர் ஜன்னலைப் பார்த்தபடி, "முதல்ல முத்து உக்காரப் பழகட்டும்" என்றார்.

ரஷீதா பழவேற்காட்டுக்காரர். மெட்ராஸில் மனோதத்துவம் படித்துவிட்டு, சனிக்கிழமைகளில் திருவள்ளூரில் ஒரு பள்ளிக்கூடத்தின் பின்னறையில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பழக்கினார். முறை எளிது. சொன்னதைச் செய்தால் அந்த நொடியே ஒரு பொட்டுக்கடலை. செய்யாவிட்டால் திட்டும் இல்லை, கடலையும் இல்லை. வீட்டிலும் அதேதான். முத்து இப்போது பெஞ்சில் உட்காருகிறான். வேண்டியதற்குக் கடிப்பதை விட்டு உள்ளங்கையை நீட்டுகிறான்.

அன்று அந்த அறைக்குள் போனதும் அரசப்பன் தொப்பி விவகாரத்தைக் கக்கிவிட்டான். சம்பூர்ணம் வழக்கம்போல வாசலிலேயே நின்றாள்.

"ஆலைல மஞ்சத் தொப்பி குடுத்தாங்க டீச்சரம்மா. ஒருநாள் வெடுக்குனு புடுங்கிட்டான். நான் சும்மா இல்லாம, ஐயோ திருடன்னு கத்திக்கினு தரையில வுழுந்து பொரண்டேன். என் மூஞ்சியப் பாத்துச் சிரிச்சான். அதுவரிக்கும் என்னைச் செவுரு மாதிரிதான் பாப்பான். சரி, நல்ல காரியம்தானேன்னு ஒரு கடலை குடுத்தேன். அப்பறம் தெனமும்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நிறுத்தச் சொல்லிடுவீங்கன்னுதான். அந்த ஒரு சிரிப்புதான் எனக்கு வர்ற வரும்படி."

ரஷீதாவுக்குச் சிரிப்பு வந்தது. "அவனுக்கு மில் தொப்பி, போலீஸ் தொப்பி எல்லாம் ஒண்ணுதான். பறிச்சா யாராவது சிரிப்பாங்க, கடலை வரும். இன்னைக்கு அந்தக் கைதி வேற சிரிச்சிருக்கான். முத்துவைப் பொறுத்தவரைக்கும் டபுள் சம்பளம்."

"அப்ப எந்தப்புதானா?"

"தொப்பி விஷயத்துல முழுக்க உங்க தப்புதான். இனிமே பறிச்சா செவுரு மாதிரியே நில்லுங்க. கைய நீட்டி, 'குடு'ன்னு கேளுங்க. தொப்பிய உங்க கையில வச்சான்னா, அப்ப விழுங்க. விழறத நிறுத்த வேணாம். எப்ப விழறீங்கங்கறத மட்டும் மாத்துங்க."

தரையில் விழுவதற்கு அனுமதி கிடைத்த சந்தோஷத்தில் அரசப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் வாசலிலிருந்து குரல் வந்தது.

"நான் கெளம்பறேன், டீச்சரம்மா. இனிமே இவருதான் இட்டாருவாரு. நான் அக்கா ஊட்டுக்குப் போறேன்." பை தோளுக்கு ஏறியிருந்தது.

"ஏன், என்ன ஆச்சு?"

"நான் தள்ளி இருந்தா அவன் கதவத் தெறப்பானில்ல?"

முத்து பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டப்பா மூடியைச் சுழற்றிக்கொண்டிருந்தான். அரசப்பன் வழக்கமான இடத்தில் ஒரு ஜோக்கைத் தேடிப் பார்த்தான். ஒன்றும் அகப்படவில்லை. ரஷீதாவின் பார்வை மெல்ல ஜன்னல் பக்கம் போவது மட்டும் தெரிந்தது.

"ஜன்னலப் பாக்காதீங்க டீச்சரம்மா," என்றான். அவன் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. "எதுக்கு எது காரணம்னு கண்டுபுடிக்கிறதுதான உங்க வேலை? தொப்பிக்கு நான்தான்னு சொன்னீங்க, ஒத்துக்கினேன். இவன் இப்பிடி இருக்கிறதுக்கு இவ காரணமா? நீங்க ஆமான்னா இப்பவே இவள அக்கா ஊட்ல நானே உட்டுட்டு வரேன். இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. நான் வெளாட்டுக்குக் கேக்கல."

ரஷீதா கடலை டப்பாவை மூடினார். மூடி சரியாகப் பொருந்தாமல் மறுபடி திறந்து மூடினார்.

"அந்த மெட்ராஸ் டாக்டர் எனக்குப் பாடம் நடத்தினவர். இந்த வேலையும் அவர் சொல்லித்தான் கிடைச்சுது. அதனாலதான் நீங்க கேட்டப்ப எல்லாம் ஜன்னலப் பாத்தேன்."

பிறகு அரசப்பனைத் தாண்டி நடந்து வாசலுக்குப் போய், சம்பூர்ணத்தின் எதிரில் நின்றார்.

"இல்லம்மா. நீங்க காரணமே இல்ல. அவர் சொன்னது தப்பு."