பத்தாவது தடத்தில் ஜெசிந்தா

1

இந்தக் கதையை நான் திருடினேன். செங்கல்பட்டு மின்சார ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் போனில், "பத்தாவது சுரம் மேளமா வந்துச்சு மச்சான்!" என்று சிரித்தார். ஊரப்பாக்கத்தில் இறங்கிவிட்டார். மிச்சமெல்லாம் என் சரக்கு.

2

முதல் தொடக்கம்: 'மாமல்லபுரத்து அலைகள் சுருதி கூட்ட, ஜெசிந்தா...'

(வேண்டாம். கதை நடப்பது செய்யூர்ப் பக்கத்து சர்ச்சில். கடலை இழுக்க ஆசைப்பட்டது நான்தான்.)

இரண்டாவது: ஜெசிந்தா நர்ஸ். அவள் கணவன் ஜோஷ்வா மென்பொருள் டெஸ்டர். அறுப்பின் பண்டிகைக்கு அவளே மெட்டமைத்த பாட்டைத் தனியாகப் பாட வேண்டும் என்பது அவளுடைய மூன்று வருட ஆசை. பாடகர் குழுத் தலைவர் பன்னீர்செல்வம் மறுத்தார்.

"குரல் நல்லாத்தாம்மா கீது. சில சுரம் மட்டும் ரெண்டு கீபோர்டு கட்டைக்கு நடுவுல போய் நின்னுக்குது. நான் இன்னா பண்றது? மிஷின்ல வாசிச்சுக் காட்டு, மைக்கைத் தர்றேன்."

(இவருக்கு முதலில் முறுக்கு மீசை வைத்து வில்லனாக்கியிருந்தேன். நல்ல மனிதர், எடுத்துவிட்டேன்.)

3

கொஞ்சம் பாடம் நடத்தலாமா? 'மிடி' என்கிற இசைக் கோப்புக்குள் ஒலி இருக்காது. எந்தக் கட்டை, எவ்வளவு வளைக்க வேண்டும் என்ற உத்தரவுதான் இருக்கும். ஒரு சுரத்தை வளைத்தால் அதே தடத்தில், அதாவது சேனலில், ஒலிக்கும் எல்லாமே வளையும். அதனால் ஜோஷ்வா அவளுடைய பதினோரு சுரங்களுக்கும் கீழிருந்து மேலாகத் தனித்தனித் தடம் கொடுத்தான். வீட்டு லேப்டாப்பில் அச்சு அசலாக ஜெசிந்தா! கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

பத்தாவது தடம் மேளத்துக்கு மட்டும் என்பது பழைய வழக்கம். வீட்டில் அவன் அதை மாற்றி வைத்திருந்தான், மறந்தும் போனான். சர்ச்சில் இருந்ததோ யாரோ வீட்டில் கழித்துக்கட்டிய பழைய கணினி. அதற்கு வழக்கம்தான் வேதம்.

4

பண்டிகை நாள். பூசணிக்காய், நெல்மூட்டை, நூற்றைம்பது பேர். ஜோஷ்வா பட்டனைத் தட்டினான். மெட்டு அழகாக ஏறியது. உச்சிக்குக் கொஞ்சம் கீழே, பன்னீர்செல்வம் எப்போதும் முகம் சுளிக்கும் அந்தச் சுரத்தில்,

டொக்.

மறுபடி வரி. மறுபடி டொக். சபை சிரித்தது. ஜோஷ்வா வியர்த்துப்போய்

(இங்கே அவனை அழவிட்டேன். அந்த வரியை அடித்துவிட்டேன். டெஸ்டர்கள் அழமாட்டார்கள், ரீஸ்டார்ட் செய்வார்கள்.)

"இன்னாங்க, ஆபீஸ்லயும் இப்படித்தான் டெஸ்ட் பண்றீங்களா?" என்று ஜெசிந்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அடுத்த டொக் வந்தபோது, அந்த இடத்தில் மைக் இல்லாமலே அந்தச் சுரத்தைப் பாடினாள். மிஷின் பத்து சுரம், அவள் ஒன்று. அதற்கடுத்த டொக்குக்கு மொத்த சபையும் கைதட்டியது. எனக்கே எழுதும்போது கால் தாளம் போட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

5

பன்னீர்செல்வம் எழுந்து வருகிறார். ஒரு பக்கம் மைக், இன்னொரு பக்கம் கணினியின் பிளக். இரண்டு முடிவும் எழுதிப் பார்த்தேன். மைக்கைக் கொடுத்தால் சந்தோஷம். பிளக்கைப் பிடுங்கினால்...

அங்கேயும் பேனா சிரிக்கிறது, பாட்டுதான் நிற்கவில்லையே. அவர் கை எதற்குப் போகிறது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். ஜெசிந்தா இப்போது பதினோரு சுரத்தையும் பாடிக்கொண்டிருக்கிறாள்.