ஒச்சோலாவின் இருக்கை

கறுப்புத் துணியைத் தலையில் முடிந்துகொண்டிருந்த அபோண்டியின் பக்கத்தில் ஒச்சோலாவின் போன் அதிர்ந்தது. அடக்க அட்டையில் போட அவன் படத்தை அதிலிருந்து எடுக்க முந்தின நாள் சார்ஜ் போட்டிருந்தார்கள். அவள் தொட்டதும் சீட்டாட்டத்தின் பச்சை மேசை விரிந்தது. ஒன்பது இருக்கைகள், ஒவ்வொன்றின் முன்பும் பந்தயக் காய்கள். ஒன்றில் அவள் புருஷன் பெயர், அதன்கீழ் ஊர் கிசுமு.

மூன்று வருஷம். சிமெண்ட் கடையில் மூட்டை எண்ணிவிட்டு வந்து, ஒரு டாலர், இரண்டு டாலர் போட்டிகளாகப் பார்த்து ஆடுவான். முதலில் போட்ட ஐந்து டாலரோடு சரி, கையிலிருந்து வேறு காசு போடுவதில்லை என்று சத்தியம். அதையே முந்நூறாக்கியிருந்தான்.

"அந்தப் போனையே கட்டிக்கிட்டிருக்கலாமே" என்பாள்.

"அதுக்கு மீன் குழம்பு வைக்கத் தெரியலையே" என்பான்.

பத்து நாள் முன்பு ஒரு சின்னப் போட்டியில் ஜெயித்துப் பெரிய போட்டிக்கு இடம் வாங்கினான். "சனிக்கிழமை ஒரு மணிக்கு மட்டும் என்னக் கூப்பிடாத. வீடே பத்திக்கிட்டாலும் கூப்பிடாத." மறுநாள் காய்ச்சல். மூன்றாம் நாள் கிசுமு ஆஸ்பத்திரியில் போய்விட்டான்.

இன்றுதான் அந்தச் சனிக்கிழமை.

ஆள் வராவிட்டாலும் இருக்கைக்குச் சீட்டு விழுந்தது. உடனே தானாக விலகியது. சுற்று வரும்போதெல்லாம் கட்டாயப் பந்தயம் அவன் காய்களிலிருந்து கழிந்தது. பிரேசில் கொடி போட்ட ஒருவன் எழுதினான்: "ஏய் கிசுமு, தூங்கிட்டியா? உன் காய் கரையுதுப்பா."

ஒச்சோலாவின் அண்ணன் ஒடுண்டோ வாசலில் வந்து நின்று, அவளைப் பிறந்த ஊர்ப் பெயரால் கூப்பிட்டார். "நியார் ஆலேகோ, பாதிரியார் வந்துட்டாரு. பெட்டிய மூடணும்."

அவள் போனைத் திருப்பிக் காட்டினாள். தம்பியின் பெயரை அவர் வெகுநேரம் பார்த்தார். சூதாடி என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே அவனைத் திட்டியவர்.

"ஒனக்கு ஆடத் தெரியுமா?"

"தெரியாது மாமா."

"அப்ப அணைச்சிடும்மா."

"அவரு காய் இன்னும் இருக்கு மாமா."

ஒடுண்டோ வெளியே போனார். "இன்னொரு பாட்டு பாடுவோம்" என்று அவர் பந்தலில் சொல்வது கேட்டது.

அபோண்டி கட்டிலில் அவன் படுக்கும் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள். அவன் பெயருக்குக் கீழே ஒரு பொத்தான் மின்னிக்கொண்டிருந்தது. 'வந்துவிட்டேன்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. இரண்டு சுற்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அழுத்தினாள்.

"வந்துட்டியா கிசுமு!" என்று எழுதினான் பிரேசில்காரன்.

அவள் தலைத்துணியின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு சீட்டுகள் முகம் காட்டி விழுந்தன. அவனுக்கான நேரம் ஓடத் தொடங்கியது.

வெளியே ஒடுண்டோ தனியாக, சுதி சேராமல் பாட்டைத் தொடங்கினார். கொஞ்சம் கழித்துப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.