அத்தையின் மூக்கு

காய்ச்சல் போகும்போது என் மூக்கையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. சோப்பும் சாக்கடையும் இப்போது எனக்கு ஒன்றுதான். அதற்கெல்லாம் நான் அலட்டிக்கொள்ளவில்லை. கோழித்தீவனம்தான் தலைவலி. தானியத்தை ஊறப்போட்டுப் புளிக்கவைத்துக் கொடுத்தால் கோழிகள் ஆசையாகத் தின்னும். ஆனால் புளித்திருக்கிறதா, கெட்டிருக்கிறதா என்று மூக்குதான் சொல்ல வேண்டும். போன மழையில் கெட்டதைத் தின்று பாதிக் கோழிகள் செத்துப்போயின.

"மிச்சமும் போச்சுன்னா கூண்டைப் பிரிச்சுடலாம்" என்று சொல்லிவிட்டு என் கணவர் லாரி ஏறிவிட்டார். நானா விடுவேன்?

வீட்டில் மிச்சமிருந்த ஒரே மூக்கு என் மாமியாருடையது. கோழி என்றாலே அவருக்கு ஆகாது. துவைத்த துணியில் எச்சம், வாசலில் இறகு என்று நாள் முழுக்கக் கரித்துக்கொட்டுவார். வேறு வழியில்லாமல், அடுப்படியில் தானியம் ஊறிய வாளியை அவர் முன்னால் வைத்தேன்.

"அத்தே, கொஞ்சம் மோந்து பாருங்களேன்."

குனிந்தவர் முகத்தைச் சுளித்தார். "கெட்டுப்போச்சு. கொட்டிடு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "கோழி தொலையணும்னுதானே இப்படிச் சொல்றீங்க?"

அத்தை உள்ளே போய்விட்டார். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று கூண்டுக்கு நடந்தேன். கோழிகள் முண்டியடித்துக்கொண்டு ஓடிவந்தன. சாய்க்கப் போகும்போதுதான் உறைத்தது. கோழிகள் தொலைய வேண்டுமென்றால் அவர் 'நல்லாயிருக்கு, போடு' என்று சொல்லியிருந்தாலே போதுமே!

கை அப்படியே நின்றுவிட்டது. வெயிலில் வைத்துப் பார்த்தேன். தானியம் ஊறி உப்பி, தண்ணீருக்கு மேலே எழும்பியிருந்தது. அதன் ஓரத்தில் கருப்பாகப் பூஞ்சை. அடுப்படி இருட்டில் என் கண்ணுக்கு அது படவே இல்லை.

வெட்கம் பிடுங்கித் தின்றது. எல்லாவற்றையும் குழி தோண்டிப் புதைத்தேன். வெந்நீர் ஊற்றி வாளியைத் தேய்த்தேன். கை வலித்தும் விடவில்லை. புதுத் தானியம் போட்டு, அதற்கு மேலே நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும்படி ஊற்றி, எழும்பாமலிருக்க ஒரு தட்டைக் கவிழ்த்துக் கல் வைத்தேன். பிறகு அத்தையிடம் போனேன்.

"தப்பா பேசிட்டேன், அத்தே."

"உன் வாய் எனக்குத் தெரியாதா? போய் வேலையைப் பாரு."

அதன்பின் நான் கூப்பிடாமலேயே தினமும் வந்து வாளியருகே குனிவார். "இன்னும் ஆகல" என்பார், போய்விடுவார். ஒரு காலை வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

"நல்லாப் புளிச்சிருக்கு. போடு."

"உங்களுக்குத்தான் கோழியைப் பிடிக்காதே, அத்தே. எதுக்கு இவ்வளவு பாடு?"

"இப்பவும் பிடிக்காது" என்றார். "அன்னைக்கு அதுங்க செத்தப்போ, குழாயைத் திறந்துவிட்டுட்டு குளியலறையில அழுதியே. எனக்கு மூக்கு மட்டும்தான் நல்லாயிருக்குன்னு நெனச்சியா?"

வாளியின் ஒரு பக்கத்தை அவரே பிடித்துத் தூக்கினார்.