பைலி சார் அடித்துப்போட்ட நாலாவது தலைப்பு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஐந்து தலைப்புகள் எழுதிய ஒரு காகிதத்தைப் பதினொரு வருஷமாக டிரங்குப் பெட்டியில் சேலைக்கடியில் ஒளித்து வைத்திருக்கிறேன். நாலாவது தலைப்பின்மேல் பேனாவால் ஒரு கோடு. அந்தக் கோடு தப்பு. தப்பு என்று எனக்கு அன்றைக்கே தெரியும். பிழை திருத்துவதுதான் என் பிழைப்பு. இந்த ஒன்றை மட்டும் திருத்தாமல் விட்டுவிட்டேன்.

நான் குமுளிக்காரி. பெயர் பேச்சியம்மா. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். இருபத்தாறு வருஷமாகக் கோட்டயத்தில் ஒரு வார இதழில் புரூஃப் பார்க்கிறேன். இதை மலையாளத்தில் எழுதினால் மறுவாரமே மீன் விற்கிறவள்வரை படித்துவிடுவாள். தமிழில் எழுதினால் எங்கள் தெருவில் என்னைத் தவிர ஒருவருக்கும் ஓர் எழுத்து புரியாது. அதனால்தான் தமிழ். தாய்மொழிப் பற்று, மண்ணாங்கட்டி என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள்.

2

முதல் தொடக்கம்: "கர்க்கடக மழை கொட்டிக்கொண்டிருந்தது. திரேசியாவின் விழிகளிலும் அதே ம—"

சே. இத்தனை வருஷம் தொடர்கதைப் புரூஃப் பார்த்த கை இப்படித்தான் போகும்.

இரண்டாவது தொடக்கம்: காதல் நாவலுக்கு எப்படித் தலைப்பு வைக்கிறார்கள்?

இது பரவாயில்லை. இதிலேயே போவோம்.

எங்கள் பத்திரிகையில் கதைக்குத் தலைப்பு வைப்பதில்லை, தலைப்புக்குத்தான் கதை வைப்பார்கள். தொடர் ஆரம்பிக்க மூன்று வாரம் முன்பே அறிவிப்பு வந்துவிடும். கொட்டை எழுத்தில் தலைப்பு, பக்கத்தில் முந்தானையைக் கடித்துக்கொண்டு ஒரு பெண். அப்போது எழுத்தாளர் முதல் வரியைக்கூட யோசித்திருக்க மாட்டார். பஸ் ஸ்டாண்டுக் கடையில் இதழைப் பாதியாக மடித்துக் கயிற்றில் தொங்கவிடுவார்கள். அந்தப் பாதிக்குள் தலைப்பு அடங்க வேண்டும். "பொண்ணு இருக்கணும், இல்லேன்னா மழை இருக்கணும், ரெண்டும் இல்லேன்னா ஒரு கெஞ்சலாவது இருக்கணும்" என்பார் ஆசிரியர் இட்டூப் சார்.

கடைசிப் பரீட்சை எதிர்வாடையில் நடக்கும். அங்கே திரேசியாவின் சூப்புக் கடை. நாலு பெஞ்சு, ஒரே உருளி. ஒரு மலையாள மாதத்துக்கு ஒரு சூப்புதான். கும்பத்தில் பலாப்பிஞ்சு. மேடத்தில் மாங்காயும் கூனி இறாலும். தனுவில் காச்சில் கிழங்கு. கர்க்கடகத்தில் (நம் ஆடி) ஆட்டுக்கால், வெந்தயம், மிளகு, கூடவே அவள் சொல்லாத ஏழெட்டு மருந்துச் சாமான். அந்த மாதத்தில் முருங்கைக்கீரை விஷம் என்பது இந்த ஊர் நம்பிக்கை; கேட்டு யாராவது வந்தால், "சாகணும்னா ஆத்துல போய் விழு, என் கடையில எதுக்கு?" என்று விரட்டுவாள்.

எழுத்தாளர் பெஞ்சில் உட்கார்ந்து, பேச்சோடு பேச்சாகத் தலைப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். எந்தத் தலைப்புக்குத் திரேசியாவின் கரண்டி நிற்கிறதோ அதுதான் அச்சுக்குப் போகும். எப்போதோ ஒருமுறை கரண்டியை நிறுத்தி, "அய்யோ, அப்புறம் அவளுக்கு என்ன ஆச்சு?" என்று அவள் கேட்ட தலைப்பு சக்கைப் போடு போட்டது. அன்றிலிருந்து இதுதான் வழக்கம்.*

*இது திரேசியாவுக்கு மட்டும் தெரியாது. தெரிந்தால் கரண்டி கெட்டுப்போகும், யாரும் மூச்சு விடக்கூடாது என்று இட்டூப் சார் உத்தரவு. இந்த அடிக்குறிப்பைத் தாண்டிப் போய்விடாதீர்கள். கதை முழுக்க இதில்தான் இருக்கிறது.

3

கதாநாயகன் விஷயத்தில் எனக்கே நம்பிக்கை இல்லை.

பைலி சார். நாற்பத்தேழு வயது, மனைவி இறந்து ஒன்பது வருஷம். 'குமாரி ஸ்டெல்லா' என்ற பெயரில் எழுதுவார். காகிதத்தில் ஆண்கள் ஆற்றில் குதிப்பார்கள், ரயிலை நிறுத்துவார்கள். நேரிலோ, சூப்பில் உப்புக் குறைந்தால்கூடக் கேட்கமாட்டார். எந்த வாசகி இப்படி ஓர் ஆளை நாயகனாக ஏற்றுக்கொள்வாள்? உயரத்தையாவது கொஞ்சம் கூட்டலாமா என்று பார்த்தேன். [கூட்டவில்லை. குள்ளம்தான்.]

திரேசியாவுக்கு அப்போது நாற்பது. அப்பன் பத்து வருஷம் படுக்கையில் கிடந்ததில் கல்யாண வயது போய்விட்டது. மஜ்ஜை இருக்கிற எலும்பாகப் பார்த்து பைலி சாருக்கு எடுத்து வைப்பாள். எனக்கு என்றைக்கும் வெறும் எலும்புதான்.

"எனக்கும் ஒண்ணு போடேன், சேச்சி. நான் என்ன பாவம் பண்ணினேன்?"

"உனக்கு எதுக்குடி பாண்டிக்காரி? நீ என்ன எழுதிக் கிழிக்கிறே? அந்த மனுஷன் ராப்பகலா யோசிக்கிறாரு."

ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே வெட்கமில்லாமல் சொன்னாள். "அவரு வாயைத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டா, அன்னிக்கே கடையைப் பூட்டிட்டுப் பின்னாலயே போயிடுவேன், பேச்சி."

அவள் போய்விட்டால் எனக்கு யார்? அவள் வீட்டுப் பின்கட்டில்தான் குடியிருந்தேன், இப்போதும் இருக்கிறேன். மூன்று வேளையும் அவளோடுதான் சாப்பாடு. புருஷன் விட்டுவிட்டுப் போனபிறகு இந்த ஊரில் என்னைச் "சாப்பிட்டியா" என்று கேட்கிற ஒரே வாய் அவளுடையது. இதை எழுதாமல் விட்டிருந்தால் நான் நல்லவளாகத் தெரிந்திருப்பேன்.

4

1994, கர்க்கடகம் பத்தாம் தேதி, பகல் பதினோரு மணி. நல்ல மழை. கடையில் நாங்கள் மூன்று பேர்தான். பைலி சார் சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். திரேசியா ஒன்றாம் தேங்காய்ப்பாலை உருளியில் ஊற்றினாள்.

தேங்காய்ப்பால் ஊற்றிய பிறகு என்ன செய்ய வேண்டும் என்று தமிழ் வாசகிக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கொதி வருவதற்குள் இறக்க வேண்டும்; அதுவரை கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கையை எடுத்தால் திரிந்துவிடும்.

"புதுசா எழுதப் போறேன், திரேசியாம்மா. பேரு சும்மா கேட்டுப் பாருங்க. 'ஏழாவது மணவாட்டி'."

கரண்டி ஓடியது.

"'படித்துறையில் ஒரு பாதம்'."

"பாதம் மட்டும் எதுக்கு, சார்? மீதி எங்க போச்சு?" என்றாள், கிண்டிக்கொண்டே.

"'நனைந்த முக்காடு'."

கரண்டி ஓடியது. அவர் எழுந்து நின்றார். தலைப்புச் சொல்ல யாரும் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை. காகிதத்தைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"'சம்மதம் சொல்ல ஒரு மழைக்காலம்'."

அவள் காது மடல் சிவந்தது. உதட்டைக் கடித்தாள். கழுத்து அவர் பக்கம் திரும்பியது. கை மட்டும் நிற்கவில்லை. எப்படி நிற்கும்? நாற்பது பேருக்கான சூப்பு, ஓரத்தில் நுரை கட்டத் தொடங்கியிருந்தது.

சொன்னதும் அவர் கண் கரண்டிக்குப் போய்விட்டது, அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. பிறகு உட்கார்ந்து, பேனாவை எடுத்து ஒரு கோடு போட்டார். திரேசியா உருளியை இறக்கி வைத்தாள், கரண்டியைத் தட்டி மேலே வைத்தாள். அதே நேரத்தில் அவர் கடனே என்று ஐந்தாவதை வாசித்தார்:

"'இனி வராதே'."

கரண்டி நின்றிருந்தது.

(சத்தியமாக இது என் வேலை இல்லை. நானாகக் கட்டியிருந்தால் ஐந்தாவதாகக் கொஞ்சம் சாதுவான தலைப்பை வைத்திருப்பேன். இவ்வளவு பொருத்தமாக இருந்தால் நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியாதா?)

5

அன்று மாலை அவர் என் மேஜைக்கு வந்து காகிதத்தை வைத்தார்.

"அஞ்சாவதுன்னு இட்டூப் சார்கிட்டச் சொல்லிடுங்க. நாலாவது... நான் கதைப் பேருக்காகக் கேக்கல, பேச்சியம்மா. பதில் வந்துடுச்சு. நாளைக்குக் கட்டப்பனைக்குப் போறேன். தம்பியோட மிளகுத் தோட்டம் இருக்கு. அத்தியாயத்தைத் தபால்ல அனுப்புறேன்."

"அது தேங்காய்ப்பால், சார்." மூன்றே சொல். நாக்கு நுனிவரை வந்தது. "சரி சார்" என்றேன்.

வீட்டுக்குப் போனால் திரேசியா வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாலாவது சொன்னாரே, கேட்டியா? எழுந்து நின்னு சொன்னாரே! எனக்கு உடம்பெல்லாம் உதறிப்போச்சுடி. பால் ஊத்தின நேரம் பார்த்தா சொல்லணும் அந்த மனுஷன்? நாளைக்கு வரட்டும், நானே பேசிடுறேன்."

மறுநாள் அவர் வரவில்லை. அடுத்த இதழில் அறிவிப்பு வந்தது. குமாரி ஸ்டெல்லா எழுதும் 'இனி வராதே'. அவள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"எனக்குத்தான் சொல்லியிருக்காரு, இல்லியா பேச்சி?"

இங்கே நான் எழுதி அடித்த வாக்கியங்கள்: 'இல்லை சேச்சி என்று நான்—' 'உண்மையை அவளிடம்—' 'மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நானே கட்டப்பனைக்கு—'

நான் சொன்னது இதுதான்: "எனக்கென்ன தெரியும், சேச்சி?"

முப்பத்திரண்டு வாரம் ஓடியது அந்தத் தொடர். ஒரு வாரம் விடாமல் படித்தாள். எங்கேயாவது தனக்கு ஒரு வரி இருக்கிறதா என்று தேடியிருக்கிறாள், பாவி. ஒவ்வொரு வாரமும் அதைப் பிழை திருத்தியவள் நான்.

6

எத்தனை முடிவு எழுதிப் பார்த்தேன்!

அ. கரண்டி நிற்கிறது, சூப்பு திரிகிறது, கல்யாணம் நடக்கிறது. பின்கட்டில் நான் தனியாக உலை வைக்கிறேன். எழுதி முடித்தபோது அழுகை வந்தது, அவர்களுக்காக இல்லை.

ஆ. பைலி சார் கட்டப்பனையில் வேறு கல்யாணம் செய்துகொள்கிறார். எனக்கு வசதியான முடிவு. ஆனால் அவர் செய்துகொள்ளவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் தானே சமைத்துச் சாப்பிடுகிறார். எழுதுவதை எப்போதோ விட்டுவிட்டார். கிறிஸ்துமஸுக்கு எனக்கு ஒரு கார்டு வரும், கடைசியில் "அங்கே எல்லாரும் சுகம்தானே?" என்று. அந்த 'எல்லாரும்' யார் என்று எனக்குத் தெரியும். "சுகம்" என்று பதில் போடுவேன்.

இ. நான் சொல்லிவிடுகிறேன். திரேசியா என்னை மன்னித்து—

இதற்குமேல் ஓடவில்லை. பதினொரு வருஷத்துக்கு மன்னிப்பா? முதல் வாரம் சொல்லியிருந்தால் அவளை மட்டும் இழந்திருப்பேன். இப்போது சொன்னால் அவள் என்னை எப்படிப் பார்ப்பாள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு எனக்குத் தெம்பில்லை.

7

இன்று காலை, வெந்தயத்தை ஊறப்போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முடி பாதி நரைத்துவிட்டது.

"என்னடி நாலு நாளா ஜிலேபியா பிழிஞ்சு தள்ளுறே? உங்க தமிழ் எழுத்தைப் பார்த்தாலே எனக்குத் தலை சுத்துது."

"கதை எழுதுறேன், சேச்சி. மதுரையில ஒரு பத்திரிகைக்கு."

"யாரைப் பத்தி?"

"உன்னைப் பத்திதான்."

சிரித்தாள். "என்னைப் பத்தியா? சூப்பு ஆத்துறதைத் தவிர என்ன இருக்கு எழுத? சரி, அதுல எனக்குக் கல்யாணம் ஆகுதா?"

"இன்னும் முடிவு பண்ணல."

"ஆக்கி விடேன், பேச்சி. கதைதானே. உனக்கு என்ன நஷ்டம்?"

என் கை அந்த வரியிலேயே நின்றுவிட்டது. அவள் எழுந்து போய்க் குடையை எடுத்தாள்.

வாசகரே, அவசரமாகச் சொல்கிறேன். கோட்டயம் பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் தபாலாபீசுக்குப் பின்னால் இரண்டாவது சந்து. திரேசியாவின் கடை என்றால் யாரும் காட்டுவார்கள். அவளுக்குத் தமிழ் படிக்கத்தான் தெரியாது, பேசினால் புரியும். கரண்டிச் சமாசாரத்தைச் சொல்லுங்கள். பைலி சார் கோடு போட்டது எதற்கு என்று சொல்லுங்கள். கட்டப்பனைக்கு இங்கிருந்து நாலு மணி நேரம்தான் பஸ். யார் சொன்னது என்று கேட்டால், பேச்சி என்றே சொல்லிவிடுங்கள். அப்போது நான் பின்கட்டில்தான் இருப்பேன், கதவைச் சாத்திக்கொண்டு. நீங்கள் வரவே மாட்டீர்கள் என்றும் ஒரு மனது சொல்கிறது. அந்த மனதை நம்பாதீர்கள், அது பதினொரு வருஷமாக என்னை—

வாசலில் நின்று கத்துகிறாள்.

"ஏ பேச்சீ! நான் தபாலாபீஸ் வழியாத்தான் மார்க்கெட்டுக்குப் போறேன். கவரை ஒட்டிக் குடு, என் கையாலயே பெட்டியில போட்டுட்டுப் போறேன். மழை வலுக்குது, சீக்கிரம்!"