பாட்டில்லாத கேசட்

செங்கம் ரோட்டில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தான் ஜீவகுமார். அவனிடம் சைக்கிள் எடுத்து ஓட்டிய ஒரு ஜெர்மன்காரர், எண்பத்து மூன்றில் ஊருக்குத் திரும்பும்போது ஒரு கேசட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். சினிமாப் படத்தின் இசை, வாசித்தது முழுக்க மின்சார வாத்தியங்கள், படத்தைத் தானே இன்னும் பார்க்கவில்லை என்றார். சினிமா என்றதும் ஜீவகுமாருக்கு வாயெல்லாம் பல்.

வீட்டில் போட்டால் ஒருவரும் பாடவில்லை. டேப் ரிக்கார்டரின் ஹெட்டைத் துடைத்தான், கேசட்டைத் திருப்பிப் போட்டான். ஊஹும். வீட்டுப் பேச்சிலும் அதே கதைதான். மனைவி மருதேவி கல்யாணமான புதிதில் கலகலவென்று பேசியவள். தாய்வீடு போய்விட்டுக் கார்த்திகை தீபத்தன்று திரும்பியதிலிருந்து, கேட்டதற்குப் பதில் சொல்வதோடு சரி. தன்னைப் பிடிக்காமல் போய்விட்டதோ என்று அவன் உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தான்.

"பாடறவங்களை விட்டுட்டுப் பதிவு பண்ணிட்டானுங்க" என்று அணைக்கப் போனான்.

"இருக்கட்டுங்க. அவ இப்பதான் பஸ்ஸை விட்டு எறங்கறா" என்றாள் மருதேவி.

"யாரு?"

"படத்துல வர்றவ."

அவர்களுடையது சமணக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். அப்புறம் படுக்கும்வரை நேரம் சும்மா கிடக்கும். அந்த நேரத்தில்தான் தினமும் படம் ஓடியது. பெட்டியோடு இறங்கியவள் கூட்டத்துக்குள் நடந்தாள். திம் திம்மென்று அடிப்பது அவள் நெஞ்சு என்றாள் மருதேவி. அவன் கேள்வி கேட்கக் கேட்க, அவள் சொல்லிக்கொண்டே போனாள். வீட்டில் மறுபடி பேச்சுச் சத்தம் கேட்டதே அவனுக்குப் பெரிய சந்தோஷம்.

ஒருநாள் கேட்டான். "கூட்டிக்கினு போக யாரும் வரலையா?"

"வரலீங்க. அவருக்குக் கடைல கூட்டம்."

ஜீவகுமாருக்குச் சுருக்கென்றது. தீபக் கூட்டத்தில் வியாபாரம் ஜாஸ்தி. பஸ் வரும் நேரம் தெரிந்தும், தெரிந்த வழிதானே, வந்துவிடுவாள் என்று கடையை விட்டு அவன் நகரவில்லை. அன்று அவள் தனியாக வந்து சேர்ந்தாள். இப்போது மன்னிப்புக் கேட்க நாக்கு வரை வந்தது. ஆம்பிளை வீம்பு, விழுங்கிவிட்டான்.

கோடையில் அந்தப் படமே ஊருக்கு வந்தது. கேசட்டில் இருந்த பெயரைப் போஸ்டரில் பார்த்தவன் வீட்டில் மூச்சு விடவில்லை. படத்தைப் பார்த்துவிட்டால் இவள் கதை முடிந்துவிடும், பேச்சும் நின்றுவிடும். ஆனால் மருதேவியும் போஸ்டரைப் பார்த்துவிட்டாள். காலைக் காட்சிக்குப் போனார்கள்.

திரையில் இரண்டு பேர் இரும்புப் பெட்டகத்தை உடைத்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கும் இசை வந்தபோது இரும்புக் கதவிலிருந்து நெருப்புப் பொறி பறந்தது. கடைசிவரை ஒரு பஸ்கூட வரவில்லை. திரும்பும் வழியெல்லாம் மருதேவி பேசவில்லை. கேசட்டை அதன்பின் அவள் தொடவும் இல்லை. அவன் பயந்தது நடந்தேவிட்டது.

அடுத்த வாரம் தாய்வீடு போனவள், சித்திரா பௌர்ணமியன்று மத்தியான பஸ்ஸில் திரும்புவதாகச் சொல்லியனுப்பினாள். கடையில் ஈ மொய்ப்பதுபோல் கிரிவலக் கூட்டம். ஜீவகுமார் கதவைச் சாத்தினான்.

"பௌர்ணமியும் அதுவுமா சாத்தறியே, கிறுக்கா பிடிச்சிருக்குது?" என்றார் பக்கத்து டீக்கடைக் காசி.

"ஆமாண்ணே" என்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்தான்.

பஸ்ஸை விட்டு இறங்கிய மருதேவி, அவனைப் பார்த்ததும் படியடியிலேயே நின்றுவிட்டாள்.

"கடை?"

"சாத்திட்டேன். தீபத்தப்பவே சாத்தியிருக்கணும். தப்பு என்னுதுதான்."

அவள் பெட்டியை ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டுக் கேரியரில் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் சாப்பிட்ட பிறகு கேசட்டை அவளே எடுத்துப் போட்டாள். நெருப்புப் பொறி பறந்த அதே இசை வந்தது.

"அவ பஸ்ஸை விட்டு எறங்கறா" என்றாள் மருதேவி. "கூட்டிக்கினு போக ஆள் வந்திருக்குது."