நாலாம் மேசைக்கு முதல் தட்டு

“வாரத்துக்கு மூணு நாளாம், அண்ணி. மூணு நாள்! எங்க ஆபீஸ்ல ரெண்டு பேர் பாத்துட்டு வந்து சொல்றாங்க. உங்க அண்ணி தனியா உக்காந்து கறி கடிச்சுக்கிட்டிருந்தாங்கன்னு.”

“தனியா எங்க? உங்க அண்ணன் அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தானே நிக்கிறாரு.”

“அவரு அங்க நெருப்புல வேகுறாரு, நீங்க இங்க ஏசியில சாப்பிடுறீங்க. வீட்டுச் சோறு உள்ள இறங்காதா?”

நாத்தனார் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இருந்தாலும் சிரிப்புக்குள் ஓர் ஊசி இருந்தது. அண்ணன் சம்பாத்தியம் அண்ணியின் வாயில் கரைகிறது என்று வீட்டில் பேச்சு கிளம்பியிருந்தது. அதைக் கண்ணால் பார்த்துவிடத்தான், ‘என்னையும் ஒரு நாள் கூட்டிட்டுப் போங்களேன்’ என்று இந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் தொற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

தெருமுனையில் இந்தக் கடை வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. பூசாத செங்கல் சுவர், கறுப்பு வயரில் தொங்கும் பல்புகள், தட்டுக்குப் பதிலாக மரப்பலகை. பலகையில் நாலு விலா எலும்பும் ஒரு கரண்டி சாஸும் இருக்கும்; அந்த விலைக்கு ஒரு வாரக் காய்கறி வாங்கிவிடலாம். அப்படியும் வாசலில் வரிசை நின்றது. பாதிப் பேர் கறி சாப்பிட வந்தார்கள், மீதிப் பேர் கறியோடு படம் எடுத்துக்கொள்ள வந்தார்கள். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் இடுக்கியும் கையுமாக நின்றார் மாஸ்டர், அண்ணியின் கணவர். காத்திருப்பவர்கள் மீன்தொட்டியைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அவருக்கு மூக்கு போய் எட்டு மாதம் ஆகிறது.

ஒரு காய்ச்சல் வந்தது. நாலு நாள் படுத்தார், எழுந்தார். போகும்போது காய்ச்சல் வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். தினமும் காலையில் காப்பித்தூள் டப்பாவுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, வெகு தொலைவில் யாரோ கூப்பிடுவதைக் கேட்பவர்போல் நிற்பார். அவள் ஒன்றும் கேட்கமாட்டாள். டப்பாவை மூடும் சத்தத்திலேயே பதில் தெரிந்துவிடும்.

கறியின் பதம் அவர் விரலுக்குத் தெரியும். நெருப்பின் சூடு புறங்கைக்குத் தெரியும். புகை இனிக்கிறதா கசக்கிறதா என்பது மட்டும் மூக்குக்குத்தான் தெரியும். மூக்கில்லாத மாஸ்டரை எந்த முதலாளி வைத்துக்கொள்வார்? அதனால் இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள். கடை நடக்கிற வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும், திறந்ததும் முதல் தட்டு அவளுக்கு. எலுமிச்சை கேட்டால் புகை கசக்கிறது. ஐஸ் போடாத தண்ணீர் கேட்டால் உப்பு குறைவு. வேறு கரண்டி கேட்டால் மசாலா தூக்கல். ஒன்றும் கேட்காவிட்டால் எல்லாம் சரி. பரிமாறுகிற பெண் சமையலறை ஜன்னலில் தலையை நீட்டி, “நாலாம் மேசைக்கு எலுமிச்சை!” என்று கத்துவாள். உள்ளே அவர் ஒரு விறகை வெளியே இழுப்பார். அவ்வளவுதான். புருஷன் சமையல்மேல் பைத்தியமாக இருக்கிற பெண்டாட்டி என்று கடையில் எல்லோருக்கும் அவளைப் பிடிக்கும். முதலாளி மேடம் அவளிடம் பாதி விலைதான் வாங்குவார்.

சொந்தத் தங்கையிடம்கூட அவர் இதைச் சொல்லவில்லை.

இன்று எந்தச் செருப்பைப் போடுவது என்று நாத்தனார் முடிவெடுக்கவே அரை மணி நேரம் ஆகிவிட்டது. அவர்கள் வந்தபோது நாலாம் மேசையைத் தவிர மற்றவை நிரம்பியிருந்தன. பலகை வந்ததும் நாத்தனார் ஒரு எலும்பை எடுத்து சாஸில் முழுக்காட்டிக் கடித்தாள்.

“ம்… நல்லாத்தான் இருக்கு. அண்ணன் கைமணம் எங்க போகும்?”

அண்ணி சாஸைத் தொடவில்லை. அவளுக்கு இது சாப்பாடு இல்லை, வேலை. மேலே மசாலா, அதற்குக் கீழே புகை, இரண்டும் சரியாக இருந்தன. பல் எலும்பை நெருங்கியபோது, ஈரத்துணியை மூட்டை கட்டி மறந்துபோனதுபோல ஒரு வாடை எழுந்தது. காகிதத்தில் துப்பி மடித்துக்கொண்டாள்.

கறி கெட்டுப்போயிருந்தது. அதைச் சொல்ல அவர்களிடம் ஒரு சைகையும் இல்லை.

எலுமிச்சை கேட்டாள். கண்ணாடிக்குப் பின்னால் அவர் விறகை இழுத்தார். ஐஸ் போடாத தண்ணீர் கேட்டாள். அவர் உப்பை எடுத்துத் தூவினார். வேறு கரண்டியும் கேட்டாள். அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார், புருவம் சுருங்கியது.

“என்னண்ணி, ஒரு எலும்பைத் தின்ன இத்தனை சாமானா?”

“நீ கையில இருக்கறத கீழ வை.”

“ஏன்?”

“வைன்னா வையேன்.”

உள்ளே போய்ச் சொல்லிவிடலாம் என்று எழுந்தாள். ஜன்னலை அடைத்துக்கொண்டு மேடம் நின்று ஒவ்வொரு பலகையாகத் துடைத்து அனுப்பிக்கொண்டிருந்தார். போன் செய்யவும் வழியில்லை. வேலை நேரத்தில் சமையல்காரர்களின் போன்கள் பெட்டிக்குள் இருக்கும். மேடத்திடமே சொல்லிவிடலாம்தான். ஆனால் அடுத்த கேள்வி என்ன? பச்சைக் கறியாக வந்தபோதும், மசாலா தடவியபோதும், நெருப்பில் வாட்டியபோதும் அது மாஸ்டரின் முகத்துக்கு நேரேதானே இருந்தது, அவருக்கு எப்படித் தெரியாமல் போயிற்று?

அவள் நின்ற இடத்தைத் தாண்டி ஒரு பலகை போனது. ஏழாம் மேசைக்கு. அங்கே நாலு வயசுப் பெண் ஒருத்தி இரண்டு கைகளையும் நீட்டி, “எனக்குப் பெருசு!” என்றாள். அப்பா பெரியதாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார்.

அவளுக்கே தெரியவில்லை, எப்படிப் போனாள் என்று. குழந்தை கையிலிருந்த எலும்பு அவள் கையில் இருந்தது. குழந்தை வீறிட்டது.

“ஏங்க, என்ன பண்றீங்க?” அப்பா எழுந்துவிட்டார்.

“குடுக்காதீங்க. கெட்டுப்போச்சு.”

சட்டென்று எல்லோரும் தங்கள் பலகையைப் பார்த்தார்கள். மேடம் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். எலும்பை வாங்கி முகர்ந்தார்.

“எனக்கு மசாலாதான்மா மணக்குது.”

“எலும்புகிட்ட பாருங்க, மேடம்.”

“எனக்கும் ஒண்ணும் தெரியலையே, அண்ணி,” என்றாள் பின்னால் வந்து நின்ற நாத்தனார், உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு.

மேடம் நல்ல மனுஷி. சத்தம் போடவில்லை. எல்லாப் பலகையையும் திரும்ப எடுக்கச் சொன்னார், ஏழாம் மேசையில் மன்னிப்புக் கேட்டார். பிறகு சமையலறைக் கதவைத் திறந்து மாஸ்டரை வெளியே கூப்பிட்டார். மூன்று தட்டுகள் வந்து வரிசையாக இறங்கின. மூன்றிலும் மசாலா பூசிய விலா எலும்புகள், அச்சு அசலாக ஒன்றுபோல.

“ஒண்ணு வெள்ளிக்கிழமை வந்தது, ஒண்ணு நேத்து வந்தது, ஒண்ணு இன்னைக்குக் காலையில வந்தது. எது எதுன்னு குறிக்காம வெச்சுட்டாங்க. ஒண்ணு மட்டும்தான் கெட்டுப்போயிருக்கும்.”

“மூணையும் தூக்கிப் போட்டுடுங்க, மேடம்,” என்றாள் அவள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

“ஞாயித்துக்கிழமைம்மா. மூணையும் போட்டா கடையைச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான். எதுக்குப் பதறுறீங்க? உங்க வீட்டுக்காரர் இருக்கும்போது எனக்கென்ன கவலை?”

மாஸ்டர் தட்டுகளைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். நெருப்பின் புகை கதவு வழியாக வந்து எல்லாவற்றின்மேலும் படிந்துகொண்டிருந்தது. அவள் நின்ற இடத்துக்கு அதைத் தவிர வேறு வாசனை வரவில்லை. ஓர் அடி முன்னால் வைத்தாள். மேடம் அன்போடு அவள் தோளில் கைவைத்து நிறுத்தினார்.

“நீங்க உக்காருங்கம்மா, அவரு பாத்துக்குவாரு.” மேடம் முதல் தட்டை எடுத்து மாஸ்டரின் முகத்துக்கு நேரே நீட்டினார். “மாஸ்டர், கொஞ்சம் மோந்து பாத்து, எதுன்னு சொல்லுங்க.”